எட்டுத் துடுப்பு

மணவாளக்குறிச்சி ஜங்ஷன், பெர்க்மான்ஸின் ஒர்க்‌ஷாப்.
சுவரில் சாய்ந்து நிற்கும் டயர்களை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன்.
"சக்கையா இது, தட்டுனதும் பழுத்தது தெரிய?
மொதல்ல மணலு எப்பிடின்னு சொல்லு."

எந்த மணல்?
அலை இப்போதுதான் விட்டுப்போன மணல்
சிமெண்டுத் தரை. சைக்கிளே போகும்.
அதற்கு மேலே பதினைந்து அடி,
கால் வைத்தால் கணுக்கால் வரை கேட்கும்.
அதற்கும் மேலே சின்னவிளைக் கருமணல்,
மாவு மாதிரி வழுக்கும், ஈயம் மாதிரி கனக்கும்,
மதியத்தில் செருப்பையும் சுடும்.
மூன்றையும் தாண்டித்தான் எனக்க வண்டி
பதினாலு பெட்டி சாளையோடு ரோடு ஏறணும்.

போன செவ்வாய் அச்சு வரை தாழ்ந்தது.
எட்டுப் பேர் தூக்கினார்கள்.
தூக்குக்கூலி ஆளுக்கு ஒரு கை மீன்.
கை என்றால் என் கை இல்லை,
பங்கிராசின் கை.

லாரி டயரை அறுத்து, வளைத்து,
வழுக்கை டயரின் முதுகில்
துடுப்பு துடுப்பாகப் போல்ட் போட்டிருக்கிறான் பெர்க்மான்ஸ்.
ஆறு வைத்தது ஒரு ஜோடி, எட்டு, பன்னிரண்டு.
பன்னிரண்டே போடு என்றேன்.
"எஞ்சினுக்க மூச்சு எவ்வளவுன்னு தெரியுமா?
பன்னெண்டும் சேர்ந்து மணலை வாரினா
ரெண்டாம் கியரிலே செத்துப்போகும்.
துடுப்பு கூடுனா வள்ளம் ஓடும், சரிதான்.
இங்க துழாவ ஒரே ஒரு ஆளு."
ஆறு என்றால் நொண்டுமாம்.
எட்டு.

இப்போ ஒரு பக்கம் மட்டும் போடலாமா,
மறு பக்கத்துக் காசு அடுத்த மாசம்?
சிரித்தான். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி
ஒரு சக்கரத்துக்குப் பலகையை அண்டக்கொடுத்து
கியர் போட்டான்.
அண்டக்கொடுத்தது அசையவில்லை.
மற்றது பேய் பிடித்துச் சுற்றியது.
"பிடிமானம் உள்ளது நிக்கும்.
இல்லாதது கிடந்து சுத்தும்.
டிஃபரன்ஷியலுக்க குணம் அது."
யார் வீட்டை நினைத்துச் சொன்னானோ.

முன் சக்கரத்துக்குத் துடுப்பு வேண்டாம்.
அது இழுப்பதில்லை, வழி சொல்வதோடு சரி.
கார் என்றால் முன்னது போன தடத்தில் பின்னது போகும்.
ஆட்டோவுக்குத் தடம் மூன்று,
நடுவில் உள்ளது தனியாக உழணும்.
அதனால் அகலமான வழுக்கை டயர்,
நடுவே விரற்கடை உயரத்துக்கு ஒரு வரம்பு,
ஹேண்டிலைத் திருப்பினால் மணல் மதிக்க.
காற்று எட்டுப் பவுண்டு போதும்,
பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கணும்.

ரிவர்ஸ் மட்டும் போடாதே என்றான்.
பின்னால் உருட்டினால் துடுப்பு
தனக்குத் தானே குழி தோண்டும்.

குளச்சல் சந்தைக்கு இதே டயரில் போகலாமா?
நாலு நாளில் அப்பளமாகிவிடும்.
ஆகவே ரோட்டு டயர் இரண்டும்
தென்னை மூட்டில் காத்துக் கிடக்கும்.
ஜாக்கி, பலகை, நட்டுகள்: பதினோரு நிமிஷம்.
ஐஸ் தாங்கும்.

ஆறாயிரத்து இருநூறு.
பாதி இன்று, பாதி சாளை நல்லா படும்போது.

விடியுமுன் இறக்கினேன்.
டப்டப்டப் என்று மணல் பின்னால் எழும்பி
யாரோ அரிசி வீசுவதுபோல் விழுந்தது.
ஏறிவிட்டது, முதல் தடவையிலேயே.
ஹாரன் அடித்தேன், காரணம் இல்லாமல்.

எட்டுப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.
சாரத்தை மடித்துக் கட்டியிருந்த பங்கிராஸ்
அவிழ்த்து விட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வந்தான்.
"இனி தாழாதா, ஜெனோவா?"

தென்னை மூட்டில் குனிந்து
இடது சக்கரத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.
மழைக்காலத்தில் தாழலாம் என்றேன்.
அது பொய் மாதிரி இருந்ததால்
இன்னொரு ஸ்பானரை எடுத்து நீட்டினேன்.

பதினோரு நிமிஷம் ஏழானது.
மீனை அவனே எடுத்துக்கொண்டான், ஒரு கை.
ஐஸுக்கு நாலு நிமிஷம் லாபம்.
சாளைக்கு இல்லை.